ஈரச்சாக்கும் சீட்டுக்கடை அக்காவும்

வெல்டிங் ராடை மாட்டிக்கொண்டு நான் குனியும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

“பேட்டரிய கழட்டிட்டியளா?”

“கழட்டியாச்சுக்கா.”

“சொல்லாதிய தம்பி. காட்டுங்க.”

எழுந்து போய்க் காட்டிவிட்டுத்தான் திரும்ப வந்து குனிய வேண்டும். ஒன்பது வருஷம் இப்படி நடந்தது. முதல் இரண்டு வருஷம் எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டில் என் வெல்டிங் பட்டறையும் அவருடைய சீட்டுக் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். லாரி, வேன், டிராக்டர் எது வந்தாலும் சீட்டைக் கழற்றி, புது ஃபோம் வைத்து, ரெக்சின் தைத்துக் கொடுப்பார். எல்லோருக்கும் அவர் சீட்டுக்கடை அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கழுத்தில் எப்போதும் அளவெடுக்கிற இஞ்ச் டேப் தொங்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் முறிந்துபோய், அந்த இடத்தில் கறுப்பு ரெக்சின் வாரைக் கட்டியிருப்பார். கையில் வளையல் கிடையாது. புது ரெக்சினில் கீறல் விழுந்துவிடும் என்பார்.

யார் எதைச் சொன்னாலும் அவருக்கு அது பாதிச் செய்திதான். கண்ணால் பார்த்து, கையால் தொட்ட பிறகுதான் முழுச் செய்தி. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் “லீக் இல்லக்கா” என்றால், சோப்புத் தண்ணீரைக் கரைத்து எடுத்து வருவார். ஒருமுறை அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். திரும்பும்போது “எல்லாம் ஏறியாச்சு, எடுங்க” என்று உபதேசியார் சொல்ல, இவர் எழுந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணியிருக்கிறார். ஒரு தலை குறைந்தது. அந்தப் பிள்ளை பேரிக்காய்க் கடை முன்னால் நின்றுகொண்டிருந்ததாம். அதற்குப் பிறகும் உபதேசியாருக்கு இவர்மேல் கொஞ்சம் வருத்தம்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தவர் மனைவியை இழந்தவர். மத்தியானம் அக்கா அவரிடம் “சாப்பிட்டாச்சாண்ணே?” என்று கேட்பார். “ஆச்சும்மா” என்பார் அவர். இவர் ரோட்டைக் கடந்து போய், தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் சோற்றில் பாதியை எடுத்துக்கொண்டு போவார். அந்த அண்ணன் முதலில் கோபப்பட்டார். பிறகு, பசித்தால் பசிக்கிறது என்றே சொல்லப் பழகிக்கொண்டார்.

எல்லோரும் அப்படிப் பழகிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த அவருடைய மகள், பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டேன் என்று போன் செய்தபோது, “மார்க்கு ஷீட்ட போட்டோ புடிச்சு அனுப்பு” என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே அது கேட்டது. அந்தப் பெண் போட்டோவை அனுப்பிவிட்டு மூன்று நாள் பேசவில்லை. மூன்று நாளும் அக்கா தையல் மிஷினைக் கண்டபடி வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்க்கா இப்படி இருக்கிய? யாராவது உங்கள ஏமாத்திட்டாங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஏன், ஏமாந்தவதான் பாக்கணுமா? சும்மா ஒருத்தி பாக்கக் கூடாதா?”

அதற்குமேல் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பழக்கம் ஆனதே ஒரு சண்டையில்தான். மேலநீலிதநல்லூர் மினி லாரி ஒன்றுக்கு டிரைவர் சீட்டைப் புதிதாகத் தைத்து மாட்டியிருந்தார். மாட்டிய பிறகுதான் சீட்டைத் தாங்குகிற இரும்புப் பிராக்கெட்டில் விரிசல் இருப்பதை டிரைவர் கவனித்து, வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். சீட்டைக் கழற்றச் சோம்பல். ஒரு அட்டையை மேலே சாத்திவிட்டுப் பற்றவைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. முடித்துப் பார்த்தால் மெரூன் ரெக்சின் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சீட்டைத் தனியாளாகக் கழற்றி என் பட்டறை வாசலில் வைத்தார். “இங்கன வாங்க தம்பி” என்று கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து ஒவ்வொரு ஓட்டையிலும் விடச் சொன்னார். மேலே கடுகளவு இருந்த ஓட்டை, உள்ளே ஃபோமில் நெல்லிக்காய் அளவுக்குப் பொசுங்கியிருந்தது. இரண்டு இடத்தில் இன்னும் சூடு இருந்தது.

“இது அணையல. உள்ள தின்னுக்கிட்டே போகுது” என்றார். “இவரு கதவ அடச்சிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்னா?”

நான் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்தேன்.

“இனிமே சீட்டு உள்ள வண்டிக்கு நீங்க ராடு எடுத்தா, நானும் வருவேன்.”

சொன்னபடி வந்தார். பழைய கோணிச்சாக்குகளை ஒரு தொட்டியில் ஊறப்போட்டு வைத்திருப்பார். சீட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட வேண்டும். தரை விரிப்பைச் சுருட்டி வெளியே போட வேண்டும். கழற்ற முடியாததை ஈரச்சாக்கால் மூட வேண்டும். முதல்நாள் நான் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாக்கை எடுத்து டாஷ்போர்டில் போட்டேன். பதறிப்போய்ப் பிடுங்கினார்.

“வயரு முடிச்செல்லாம் இருக்க எடத்துல தண்ணிய ஊத்துதிய! பிழிஞ்சு போடுங்க. வயரு பக்கம் காஞ்ச கித்தான் துணி, அதுக்கு மேல சாக்கு.”

வண்டியின் முன்கண்ணாடியையும் மூடச் சொல்வார். கிரைண்டர் பொறி தெறித்தால் கண்ணாடியில் மணல் மணலாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எதிரே வெளிச்சம் வரும்போது டிரைவருக்குக் கண் கூசும் என்பது அவர் கணக்கு. இரண்டு நிமிஷ வெல்டுக்கு முக்கால் மணிநேரம் மூட்டை கட்டுகிற வேலை. முடிந்த பிறகும் விடமாட்டார். ஒரு டீ குடித்து, இன்னொரு டீக்கும் நேரமாகிற வரை யாரும் சீட்டைத் திரும்ப மாட்டக் கூடாது. நடுநடுவே ஏறிப்போய், புறங்கையை அங்கங்கே வைத்துப் பார்த்துவிட்டு இறங்குவார். உள்ளங்கை தையல் வேலையில் காய்த்துப்போய்விட்டது, புறங்கைதான் சூட்டைச் சரியாகச் சொல்லும் என்பார்.

பேட்டரி சமாச்சாரம் அதற்குப் பிறகு வந்தது. புது மாதிரி வண்டிகள் வரத் தொடங்கியதும், ஒரு மாலையில் ஏதோ ஒரு லாரியின் டாஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த புத்தகத்தை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். பிளஸ் டூ வரை படித்தவர். இங்கிலீஷை விரல் வைத்து, எழுத்துக்கூட்டாமல், ஆனால் மெதுவாக வாசிப்பார்.

“தம்பி, இந்த வண்டிக்குள்ள நாலஞ்சு கம்ப்யூட்டர் பெட்டி இருக்காம். வெல்டு வைக்கும்போது பேட்டரிய கழட்டணுமாம். அந்தப் பெட்டிகளுக்குப் போற பிளக்கையும் உருவிரணுமாம். எர்த்து வயரோட கவ்விய வெல்டு வைக்க எடத்துக்குப் பக்கத்துலயே, பெயிண்ட சுரண்டிட்டுக் கவ்வணுமாம். எட்டத்துல கவ்வுனா கரண்டு வழியில உள்ளதையெல்லாம் பொசுக்கிட்டு வருமாம்.”

“இத்தன வருஷம் சேசிஸ் சட்டத்துலதான்க்கா கவ்வுதேன். ஒண்ணும் ஆகல.”

“அது பழைய வண்டி.”

அவர் சொன்னதைச் செய்தேன். அவர் நிற்கும்போது செய்தேன் என்பதுதான் சரி.

அவர் இல்லாத ஒரு நாள் வந்தது. இளையரசனேந்தலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, வேலைக்கு உதவி என்று முன்கூட்டியே போய்விட்டார். பத்து நாள் கடை அடைப்பு. அவர் போன மூன்றாம் நாள் திருவேங்கடத்திலிருந்து ஒரு லாரி வந்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வண்டி. ஓட்டி வந்தவர்தான் சொந்தக்காரர். ஐம்பது வயது இருக்கும். புன்செய்க் காட்டை விற்று வாங்கிய வண்டி என்று பேச்சுவாக்கில் சொன்னார். டிரைவர் சீட்டின் பிராக்கெட் கரிசல்காட்டுப் பாதையில் ஆடி ஆடி ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது.

சீட்டை மட்டும் கழற்றினேன். சாக்கும் போட்டேன். பேட்டரியைத் தொடவில்லை. அது வண்டியின் மறுபக்கம் இருந்தது. போல்ட்டும் இறுகிப்போயிருந்தது. எர்த்தை வழக்கம்போல எட்டத்தில் சேசிஸில் கவ்வினேன். வெல்டு அழகாக விழுந்தது. சீட்டை மாட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டாஷ்போர்டில் இருந்த எல்லா விளக்கும் எரிந்தது. ஒன்றும் அணையவில்லை. இன்ஜின் ஒரு முனகல்கூடப் போடவில்லை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“வண்டிய உள்ளுக்குள்ள தண்ணி விட்டுக் கழுவுனியளாண்ணாச்சி?”

“நேத்துக் கழுவுனேன். ஏன்?”

“தண்ணி எறங்கியிருக்கும்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. வண்டி என் பட்டறை வாசலிலேயே நின்றது. அவர் தினமும் காலை பஸ்ஸில் வந்து, வண்டியின் நிழலில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டினார். கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, ஏன் போனது என்று சொல்ல முடியாது என்றார் மெக்கானிக். நான் ஒரு இரும்பு கேட் செய்கிற வேலையில் குனிந்துகொண்டேன். ஏழு நாள் அந்த மனிதர் என் கண்முன்னாலேயே இருந்தார். ஒருதரம்கூட என்னிடம் கோபமாகப் பேசவில்லை. மத்தியானம் எனக்கும் சேர்த்து டீ சொல்வார்.

கல்யாணம் முடிந்து அக்கா வந்தார். நிற்கிற லாரியைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“சீட்டு பிராக்கெட்டா?”

“ஆமா.”

“என்னெல்லாம் கழட்டுனிய?”

“எல்லாம் கழட்டுனேன்க்கா. பேட்டரியும் கழட்டுனேன். இது தண்ணி எறங்கி ஆனது.”

அவர் லாரியைச் சுற்றிப் போனார். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். நானும் பின்னால் போனேன். முனையில் இருந்த போல்ட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, அதன்மேல் புழுதி படிந்து, உடையாமல் இருந்தது. எந்த ஸ்பானரும் அதைத் தொட்டு மாதக்கணக்காகியிருக்கும். அவர் அதை விரலால் லேசாகச் சுரண்டினார். பொருக்கு உதிர்ந்து விழுந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடியை மெதுவாகச் சாத்தினார்.

“அந்த மனுசன்ட்ட போய் நீங்களே சொல்லிருங்க தம்பி. நான் சொன்னா நல்லாயிருக்காது.”

எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இந்தப் பொம்பளை ஏன் என் பக்கத்துக் கடைக்கு வந்து தொலைந்தாள் என்றுகூட நினைத்தேன். பட்டறைக்குள் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பிறகு போய்த் துண்டில் லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, தண்ணி எறங்கல. பேட்டரிய கழட்டாம நாந்தான் வெல்டு வச்சேன். தப்பு எம்மேல.”

அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா வே” என்றார். “ஏழு நாளா வீட்டுக்காரிட்ட, நாந்தான் கழுவுறேன் பேர்வழின்னு வண்டியக் கெடுத்துட்டேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். ராத்திரி ஒறக்கமில்ல. என் கையாலயே கெடுத்துட்டேனேன்னு...” துண்டின் ஓரத்தால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அப்ப நான் இல்ல. அப்பாடா. நான் இல்ல.”

நான் கெடுத்தது அவர் வண்டியை மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து வாங்கி வந்தேன். அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வண்டி ஓடியது. அக்கா அந்த விஷயத்தை அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே வழக்கம்போல வந்து, “பேட்டரிய கழட்டிட்டியளா?” என்றார். நான் எழுந்து போய்க் காட்டினேன். எரிச்சல் வரவில்லை. அதற்குப் பிறகு என்றைக்கும் வரவில்லை.

இப்போது அவர் இங்கே இல்லை. மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, அவளோடு போய் நாலு வருஷமாகிறது. கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசுவார். போகிற அன்று வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டியின் கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அவரை நினைக்கும்போது எனக்கு அவர் ஊரைவிட்டுப் போன நாள் முன்னால் வருவதில்லை. அவர் போவதற்கு முந்தின வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள்தான் வருகிறது.

அதே திருவேங்கடத்துக்காரர், அதே லாரியோடு வந்தார். இந்தமுறை பிராக்கெட்டின் பின்பக்கக் கால் முறிந்திருந்தது. ஊரில் எத்தனையோ வெல்டிங் பட்டறை இருக்கிறது. “நீரு தப்பு செஞ்சா ஒத்துக்கிடுவீரு. மத்தவன்ட்ட போனா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பாராட்டா குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. கூட அவர் மனைவியும் வந்திருந்தார். கிளீனர் கிடைக்காததால் ஆறு மாதமாக அந்த அம்மாதான் லாரியில் கூடவே போகிறார். தார்ப்பாய் கட்டுவது, ரிவர்ஸ் பார்ப்பது எல்லாம் அவர்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்காக இருக்கும் படுக்கையில் மத்தியானம் ஒரு தூக்கம் போட்டுக்கொள்வார். ஊரில் பருத்தி எடுத்துக் கட்டி வைத்திருக்கிறது, ஏற்றி ராஜபாளையம் மில்லுக்குப் போக வேண்டும், ஆட்கள் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் என்றார் திருவேங்கடத்துக்காரர்.

அக்கா சாக்குகளோடு வந்துவிட்டார். இந்தமுறை நானே எல்லாவற்றையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். சாவியை உருவி அக்கா கையில் கொடுத்தேன். இன்ஜினை நிறுத்தியதும் பேட்டரியைக் கழற்றக் கூடாது, புகையைச் சுத்தம் செய்கிற யூரியாத் தண்ணீர்க் குழாய் தானாகக் காலியாக நேரம் கொடுக்க வேண்டும் என்பதால் காத்திருந்தேன். பிறகு பேட்டரியைக் கழற்றினேன். கம்ப்யூட்டர் பெட்டிகளின் பிளக்குகளை உருவி, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றினேன். சீட்டுக்குப் போகும் காற்றுக் குழாயைப் பிடுங்கிச் சீட்டை இறக்கினோம். படுக்கை மெத்தை, திரைச்சீலை, தரைவிரிப்பு எல்லாம் வெளியே. கேபினுக்கு அடியில் படுத்து, வெல்டு விழும் இடத்துக்கு நேர் கீழே வயரோ டீசல் குழாயோ போகவில்லை என்று பார்த்தேன். அக்காவும் சேலையைச் செருகிக்கொண்டு படுத்துப் பார்த்தார். எர்த்தை வெல்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கவ்வினேன்.

“ஒரு பிராக்கெட்டுக்கு இம்புட்டா?” என்றார் அந்த அம்மா.

“போன தடவ இம்புட்டு செய்யலம்மா” என்றேன். அவர் கணவர் சிரித்துவிட்டார்.

வெல்டு முடிந்தது. கசடைத் தட்டி, கம்பிப் பிரஷ் போட்டு, பார்த்தேன். நல்ல வெல்டு. திருவேங்கடத்துக்காரர் சீட்டைத் தூக்கப் போனார்.

“இருங்கண்ணாச்சி. டீ குடிச்சிட்டு வாங்க” என்றார் அக்கா.

“அங்கன ஆளு நிக்கி தாயி.”

“நிக்கட்டும்.”

டீ வந்தது. அக்கா ஏறிப்போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஏறினார். திருவேங்கடத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, போனில் யாரிடமோ “இந்தா கெளம்பிட்டேன்” என்றார். எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. எல்லாம் காட்டியாகிவிட்டது, எல்லாம் சரியாகச் செய்தாகிவிட்டது. “சூடு ஆறிப்போச்சுக்கா, மாட்டிருவோம்” என்றேன்.

அவர் இறங்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“தம்பி, இங்கன வாங்க. அந்தப் பக்கம் ஆறியிருக்கு. இது ஆறல.”

ஏறினேன். படுக்கைக்குப் பின்னால் கேபின் சுவரில் சூடு தடுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு ஃபோம் பஞ்சுப் பலகை ஒட்டியிருக்கும். வெல்டு வைத்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, அதில் புறங்கையை வைத்திருந்தார்.

“மொதல்ல இங்கன வெதுவெதுன்னு இருந்தது. இப்ப கூடியிருக்கு. கூடக் கூடாதுல்லா?”

நான் கையை வைத்தேன். ஜுரக்காரன் நெற்றி மாதிரி இருந்தது. புகை இல்லை, வாடை இல்லை. குனிந்து பார்த்தபோது படுக்கைச் சட்டத்துக்குக் கீழே, தகரத்தில், எப்போதோ ஒரு போல்ட் இருந்து கழன்றுபோன ஓட்டை தெரிந்தது. விரல் நுழையாத ஓட்டை. நான் பார்க்கவில்லை, அக்காவும் பார்க்கவில்லை. பொறி ஒன்று அதன் வழியாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது.

ஸ்குரூ டிரைவரை விட்டு அந்தப் பலகையை நெம்பிக் கிழித்தேன். காற்றுப் பட்டதும் உள்ளே ஒரு கையகலத்துக்குச் சிவப்பாகக் கனன்று எழும்பியது. ஒரு நொடியில் கேபின் முழுக்கக் கறுப்புப் புகை. கண் தெரியவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “மூச்ச இழுக்காதிய! ஃபோம் பொகை!” கீழே இருந்த அந்த அம்மா தொட்டியிலிருந்து ஈரச்சாக்கை எடுத்து நீட்ட, அக்கா வாங்கி அப்பினார். இன்னொன்று. இன்னொன்று. திருவேங்கடத்துக்காரர் மறுபக்கக் கதவைத் திறந்து, கிழிந்து தொங்கிய பஞ்சைக் கொத்தாகப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். ரோட்டில் விழுந்ததும் அது குப்பென்று பிடித்து எரிந்தது.

மூன்று நிமிஷம் இருக்கலாம். அணைந்துவிட்டது. நாங்கள் நான்கு பேரும் ரோட்டோரத்தில் இருமிக்கொண்டு நின்றோம்.

முதலில் பேசியது அந்த அம்மாதான்.

“நான் அங்கனல்லா படுத்திருப்பேன்” என்றார். யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்னார். “பருத்திய ஏத்திட்டு... நான் அங்கனல்லா...” அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் பக்கத்தில் குந்தி, அவர் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் ஒரு பயம் பாக்கி இருந்தது. சாக்குத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கியிருக்குமோ, பிளக்குகள் நனைந்திருக்குமோ என்று. சுற்றிய துணியைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். துணி மேலே ஈரம், உள்ளே காய்ந்திருந்தது. ஆனாலும் அக்கா கதவுகளைத் திறந்து வைத்து வெயிலில் காயவிடச் சொன்னார். இந்தமுறை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காய்கிற நேரத்தில் அவர் கடைக்குள் போய், அளவெடுத்து, கரிந்த படுக்கைச் சுவருக்குப் புதுப் பலகை வெட்டினார். புகை பிடித்துப்போன பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது ஃபோமில் நீல ரெக்சின் போட்டு ஒன்று தைத்தார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரெக்சினின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நடுவில் ஒருதரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வெயில் சாயும் முன் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பிளக்குகள், கடைசியாக பேட்டரி. அக்கா சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார். திருவேங்கடத்துக்காரர் ஏறி உட்கார்ந்து, சாமி கும்பிட்டுவிட்டுத் திருப்பினார். டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது. ஒன்று அணைந்தது. இரண்டு. பிறகு சடசடவென்று எல்லாம் அணைந்து, இன்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார்.

போகும்போது அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “தாயி, ஊருக்கு ஒரு தடவ வாங்க” என்றார். “வாரேன்” என்றார் அக்கா. லாரி கழுகுமலை ரோட்டில் திரும்பி, புழுதி அடங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றோம். “போயிட்டு வந்துருவாங்க” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். இந்தமுறை, காட்டுங்க என்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நூல்கண்டு ஒன்று உருண்டு என் பக்கம் வந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். தையல் மிஷினுக்குப் பின்னால் நாற்காலியில் அப்படியே தூங்கிப்போயிருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. மேற்கு வெயில் நேராக முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஷட்டரைச் சத்தம் வராமல் பாதிவரை இறக்கி விட்டேன். என் பக்கம் திரும்பி வந்து, பாதியில் நின்ற கேட் வேலைக்குக் கிரைண்டரைக் கையில் எடுத்தவன், சுவிட்சைப் போடாமல் கீழே வைத்தேன்.